எல்லாருக்கும் ஒரு பொன்னாடை

உட்காருங்க தம்பி. அந்த நாற்காலியில வேண்டாம், அது வித்தாச்சு. வாங்கினவங்க நாளைக்கு வந்து எடுத்துக்குவாங்க. இந்த மேசை உங்களோடதுதானே, இது மேலயே உட்காரலாம், தப்பில்ல. நல்ல மரம். என் சம்சாரம் ஜோதி இது மேல ஒரு சூடான பாத்திரம் வைக்க விட்டதில்ல. உங்க ஃப்ரெண்டு வேன் வாடகைக்கு எடுக்கப் போயிருக்கார்னா வர நேரமாகும். சனிக்கிழமை அங்க கூட்டம் நிக்கும். காபி போட்டுத் தரலாம்னா பாத்திரமெல்லாம் கட்டியாச்சு. தண்ணி தரட்டுமா?

மொத்தமா ஊருக்கே போறீங்களான்னு கேட்டீங்க. ஆமா, மொத்தமாத்தான். விருதுநகர். ஏன்னு கேக்கலாமா வேண்டாமான்னு யோசிக்கறீங்க, முகத்துல தெரியுது. கேக்கலாம். மறைக்க என்ன இருக்கு. இந்த கொலம்பஸ்ல தமிழ் பேசற எல்லாருக்கும் என் கதை தெரியும். ஆனா எல்லாரும் அதைத் தப்பாத்தான் சொல்லுவாங்க. நீங்க ஊருக்குப் புதுசு. சரியானபடி ஒருதடவை கேட்டு வச்சுக்குங்க.

என் பேர் அருணகிரி. பிசினஸ் கன்சல்டன்ட். எங்க அம்மாவுக்குக் கடைசி வரைக்கும் அந்த வேலை என்னன்னு பிடிபடல. பக்கத்து வீட்டுல கேட்டா, "அவன் ஊருக்குப் புத்தி சொல்லிப் பொழைக்கறான்"னு சொல்லுமாம். சரியாத்தான் சொல்லியிருக்கு. ஒரு கம்பெனியில சரக்கு தேங்கி நிக்குது, கிடங்கு நிரம்பி வழியுதுன்னா என்னைக் கூப்பிடுவாங்க. போய்ப் பார்த்து, எது வேணும் எது வேண்டாம், யார் வேணும் யார் வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டு வந்துருவேன். அப்புறம் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கறதில்ல.

வந்து இருபது வருஷத்துக்குக் கிட்ட ஆயிருச்சு. எங்க மக ஓவியா அப்ப ஜோதி இடுப்புல உட்கார்ந்து வந்தவ. இந்த ஊர்ப் பள்ளிக்கூடம், இந்த ஊர்க் காலேஜ். அவளுக்குத் தெரிஞ்ச ஊர் இது ஒன்னுதான். கிரீன் கார்டு வரிசையில நாங்களும் நின்னோம். நம்ம நாட்டுக்காரங்க வரிசை உங்களுக்குத் தெரியும்ல, தேர் நிலைக்கு வந்தாலும் வரும், அது வராது. நமக்கென்ன, வேலை விசாவைப் புதுப்பிச்சுப் புதுப்பிச்சு ஓட்டிரலாம். பிள்ளைக்கு அப்படி இல்ல. இருபத்தொரு வயசு ஆச்சுன்னா அவ நம்ம பிள்ளை இல்லைன்னுருவாங்க. அப்பாவோட விசாவுல ஒட்டிக்கிட்டு இருக்க முடியாது. அதுக்குள்ள கார்டு வாங்கணும், இல்லைன்னா அவளா ஒரு வழி பார்த்துக்கணும், இல்லைன்னா ஊரை விட்டுப் போகணும். அவ்வளவுதான் சட்டம். நான் செஞ்சதெல்லாம் அதுக்காகத்தான். இதை மனசுல வச்சுக்கிட்டு மிச்சத்தைக் கேளுங்க.

அந்த வரிசையில நிக்காம போறதுக்கு ஒரு தனி வாசல் இருக்கு. அசாதாரணத் திறமை உள்ளவங்களுக்கு. விஞ்ஞானி, ஓட்டப் பந்தயக்காரர், பாட்டுக்காரர், அந்த மாதிரி. வியாபாரத் துறையும் உண்டுன்னு சட்டத்துலயே போட்டிருக்கு. சிறந்த ஆளுன்னு காட்டப் பத்து விதமான ஆதாரம் சொல்லியிருக்காங்க. அதுல மூணு இருந்தா உள்ள விட்டு, அப்புறம் ஆளை மொத்தமா நிறுத்தி எடை போடுவாங்க. நான் படிச்சுப் பார்த்துட்டு ஜோதிகிட்ட சொன்னேன், "இது என்னை நினைச்சே எழுதின மாதிரி இருக்கு." அவ வெண்டைக்காய் நறுக்கிக்கிட்டிருந்தா. "நினைச்சிருப்பாங்க, நினைச்சிருப்பாங்க"ன்னா. அவ பேச்சு எப்பவும் அப்படித்தான்.

ஆனா எங்க தொழில்ல ஒரு கஷ்டம் இருக்கு தம்பி. யோசனை நம்மளோடது, பேர் அவங்களோடது. கிடங்கைச் சரி பண்ணிக் குடுத்திருப்போம், அடுத்த வருஷம் அந்த முதலாளி மேடையில நின்னு "நாங்க செஞ்சோம்"பார். நாம கீழ உட்கார்ந்து கை தட்டணும். அதுதான் தர்மம். இப்ப ஆதாரம் வேணும்னு அவங்ககிட்ட போய் நின்னா என்ன சொல்லுவாங்க? டேட்டன்ல ஒரு டயர் கம்பெனிக்கு வருஷக் கணக்கா வேலை பார்த்திருக்கேன். அந்த மேனேஜர் ஒரு கடிதம் குடுத்தார். "இவர் பழக இனிமையானவர், நேரத்துக்கு வருவார்." இதை வச்சுக்கிட்டு பால்காரன் வேலைக்குத்தான் மனு போடலாம். அப்புறம் நானே எல்லாருக்கும் கடிதம் எழுதிக் குடுத்தேன். அவங்க கையெழுத்துப் போட்டாங்க. எங்க தொழில்ல எல்லாமே அப்படித்தான், நாம எழுதுவோம், அவங்க போடுவாங்க. எங்க வக்கீல் பாருல் மேடம், குஜராத்தி அம்மா, படிச்சுப் பார்த்துட்டு, "எல்லாக் கடிதமும் ஒரே ஆள் பேசற மாதிரி இருக்கே மிஸ்டர் அருணகிரி"ன்னாங்க. "ஒரே ஆளைப் பத்தித்தானே எழுதியிருக்கு மேடம்"னேன்.

விருதுதான் என் பலம்னு நான் நம்பினேன். இப்பவும் நம்பறேன்.

எங்க தமிழ் மன்றத்துல ஆண்டு விழாவுக்கு விருது குடுப்பாங்க. எனக்குக் குடுத்தது "வணிகச் செம்மல்." பொன்னாடை, கேடயம், விழா மலர்ல நடுப்பக்கத்துல படத்தோட கட்டுரை. கட்டுரையை நான்தான் எழுதினேன், ஆனா கீழ மலர்க் குழுன்னு போட்டிருக்கும். ஆக விருதும் ஆச்சு, என்னைப் பத்திப் பத்திரிகையில வந்ததும் ஆச்சு, மன்றத்துச் செயலாளரா இருந்ததால முக்கியப் பதவியும் ஆச்சு. மூணு. மலர் முழுசையும் ஆங்கிலத்துல மொழிபெயர்த்து, முத்திரை வாங்கி, அட்டையிலேர்ந்து அட்டை வரைக்கும் வச்சேன். ஒரு பக்கம் விடல. பாருல் மேடம், "உங்க பக்கம் மட்டும் போதுமே"ன்னாங்க. அவங்களுக்கு நம்ம மலரோட அருமை தெரியாது.

மனு திரும்பி வந்துருச்சு. காரணம் என்ன எழுதியிருந்தான் தெரியுமா? மலர்ல பதினேழாம் பக்கத்துப் படத்துல மேடையில நிக்கற எல்லார் தோள்லயும் பொன்னாடை இருக்காம். அதே விழாவுல சமையல் செம்மல், யோகச் செம்மல், கோலச் செம்மல், வாகன நிறுத்தச் செம்மல்னு ஒரு கூட்டமே வாங்கியிருக்காம். வணிகச் செம்மலே ரெண்டு பேர் இருக்காங்களாம். அதனால இது அந்தத் துறையில மிகச் சிலருக்கு மட்டும் கிடைக்கற மரியாதைன்னு சொல்ல முடியாதாம்.

எவ்வளவு உன்னிப்பாப் பார்த்திருக்கான் பாருங்க. நம்ம ஆளுங்களே அந்தப் பக்கத்தைப் புரட்டியிருக்க மாட்டாங்க.

எல்லாருக்கும் ஏன் குடுத்தீங்கன்னு கேப்பீங்க. அதுக்கு ஒரு காரணம் இருக்கு. முன்ன ஒரு வருஷம் சிலருக்கு மட்டும் குடுத்தோம். பார்க்கிங்ல நின்னு வண்டி ஒழுங்கு பண்ணின ஒருத்தருக்குக் குடுக்கல. அவர் சம்சாரம் பந்தியில உட்கார்ந்து, இலையில சாம்பார் ஊத்தினதுக்கு அப்புறம், இலையை மூடிட்டு எழுந்துருச்சு. சாப்பிடாம போயிருச்சு தம்பி. விழா அத்தோட செத்துப்போச்சு. யாருக்கும் தொண்டையில இறங்கல. அடுத்த கூட்டத்துல ஒருத்தர் எழுந்து, "இனிமே கை குடுத்தவங்க எல்லாருக்கும் ஒரு பொன்னாடை. யாரும் மனசு கோணிப் போகக் கூடாது"ன்னு தீர்மானம் கொண்டுவந்தார். எல்லாரும் கை தட்டினாங்க. அப்படி ஒரு நல்ல ஏற்பாடு. அந்த எழுந்து பேசினவன் நான்தான். மன்றம் இன்னைக்கு ஒத்துமையா இருக்குன்னா அது காரணம்.

சரி, மேல்முறையீடு. அப்பீல் ஆபீஸ் வாஷிங்டன் பக்கம். பாருல் மேடம் உட்கார வச்சுச் சொன்னாங்க. "இந்த வகையில உங்க தொழில்காரங்க அப்பீல் ஜெயிச்சு நான் அதிகம் பார்த்ததில்ல. திறமை இருக்கும், சம்பளம் இருக்கும், ஆனா துறையையே மாத்தினாரா, ஊர் உலகம் இவரைத் தெரிஞ்சு வச்சிருக்கான்னு கேப்பாங்க. அதுல விழுந்துருவாங்க. நீங்க இதை விட்டுருங்க. மகளுக்கு ஸ்டூடன்ட் விசாவுக்கு இப்பவே போடுங்க, நேரம் இருக்கு." நான் சொன்னேன், "மேடம், நீங்க மத்தவங்களைப் பத்திப் பேசறீங்க."

அப்பீலுக்கு ஒரு வலுவான ஆதாரம் தேவைப்பட்டது. மன்றத் தலைவர்கிட்ட இருந்து ஒரு உறுதிமொழி. எனக்குக் குடுத்ததுதான் உண்மையான விருது, மத்தவங்களுக்குக் குடுத்தது ஊக்கப் பரிசுன்னு. தலைவர் தில்லைநாயகம் அண்ணன். பெத்தல் ரோட்டுல மளிகைக் கடை வச்சிருக்கார், பார்த்திருப்பீங்க, கல்லாவுல உட்கார்ந்து எல்லாரையும் "என்ன மாப்ளே"ம்பாரே, அவர்தான். நான் போனப்ப முருங்கைக்காய் பெட்டி பிரிச்சுக்கிட்டிருந்தார். தாளை நீட்டினேன். கண்ணாடி போட்டுக்கிட்டு வாசிச்சார்.

"மற்றவர்களுக்கு வழங்கப்பட்டவை ஊக்கப் பரிசுகளே... இது என்ன மாப்ளே?"

"சும்மா சட்டத்துக்காக அண்ணே."

"ஊக்கப் பரிசுங்கறது மாறுவேடப் போட்டியில அழற பிள்ளைக்குக் குடுக்கறது. செண்பகராமனுக்கு என் கையால போர்த்தினேன். அது ஊக்கப் பரிசா?"

"அவர் பார்க்கவா போறார். எங்கயோ ஒரு வெள்ளைக்காரன் பார்க்கப் போறான்."

"அவனுக்கு இதெல்லாம் புரியுமா?"

"புரியணும்னுதான் எழுதியிருக்கு."

அண்ணன் ஒரு முருங்கைக்காயை எடுத்து வளைச்சுப் பார்த்தார். திரும்ப வச்சார். "ஓவியாவுக்கு எப்ப மாப்ளே வயசு முடியுது?"ன்னு கேட்டார். வர்ற ஜனவரின்னேன். பேனா குடுன்னார். நல்ல மனுஷன். கையெழுத்துப் போட்டுட்டு, "இதை நான் போட்டேன்னு யார்கிட்டயும் சொல்லாதே"ன்னார். நான் ஏன் சொல்லப்போறேன்.

இந்தச் செண்பகராமன் யாருன்னு சொல்லணும். நாகர்கோவில்காரர். அவரும் கன்சல்டன்ட்தான், ஆஸ்பத்திரிகளுக்கு. அவசரப் பிரிவுல நோயாளி வந்து நின்னா எந்த வரிசையில யாரை முதல்ல பார்க்கணும்னு ஏதோ ஒரு முறை பண்ணியிருக்கார். நாலஞ்சு மாநிலத்துல அதைத்தான் வச்சிருக்காங்கன்னு சொல்றாங்க. இருக்கலாம். எனக்கு என்னமோ அதுல பெருசா ஒன்னும் தெரியல, வரிசை கட்டறதுதானே. இன்னொரு வணிகச் செம்மல் அவர்தான். அவருக்கும் அதே வாசல்ல மனு போட்டுத் திரும்பி வந்திருக்கு, அவரும் அப்பீல் போகப் பார்த்திருக்கார், அதுக்கு அதே அண்ணன்கிட்ட போயிருக்கார். எனக்கு எப்படித் தெரியும்? அவர் மக கயலும் எங்க ஓவியாவும் ஒரே வகுப்பு. ஒன்னாவே வளர்ந்ததுங்க. அந்தப் பிள்ளைக்கும் அதே வயசுக் கத்திதான் கழுத்துல.

ஒருநாள் சாயங்காலம் வந்தார். இந்த மேசையிலதான் உட்கார்ந்தார். ஜோதி பலகாரம் கொண்டுவந்து வச்சா. தொடல.

"அருணகிரி, தில்லை அண்ணன்கிட்ட ஒரு கடிதம் கேட்டேன். ஏற்கெனவே ஒன்னு கையெழுத்துப் போட்டுட்டேன், ரெண்டும் ஒன்னை ஒன்னு இடிக்கும், ரெண்டாவது போட்டா நான் பொய்யனாயிருவேன்னார். ரொம்ப வருத்தப்பட்டார்."

"அப்படியா"ன்னேன்.

"நான் ஊக்கப் பரிசாமே."

"உங்க பேரை எழுதலியே. மற்றவர்கள்னுதான் எழுதியிருக்கேன்."

"மற்றவர்கள்ல நான் வருவேனா மாட்டேனா?"

"அது படிக்கறவங்க எடுத்துக்கறதைப் பொறுத்தது."

சண்டைக்கு வருவார்னு நினைச்சேன். வரல. ஜோதியைப் பார்த்து, "தண்ணி குடுங்க தங்கச்சி"ன்னார். குடிச்சார். போயிட்டார். போறப்ப செருப்பு மாட்டிக்கிட்டே, "அது என் வேலையைப் பத்தினதுகூட இல்ல அருணகிரி, கயலைப் பத்தினது"ன்னார். அப்ப எனக்கு மட்டும் என்ன, டயரைப் பத்தினதா? எனக்கும் பிள்ளை இருக்குல்ல?

அவர் போனதும் ஜோதி தட்டைத் தூக்கினா. அந்தப் பலகாரத்தை எடுத்து அப்படியே குப்பையில கொட்டினா. தொடாத பலகாரம். வீண் பண்ணாதேன்னு சொன்னேன்.

அவர் அப்பீலை விட்டுட்டார். பாருங்க, ஒரு கதவு அடைச்சதும் அந்த மனுஷன் உடனே மகளுக்கு ஸ்டூடன்ட் விசாவுக்குப் போட்டுட்டார். கோடையிலயே கிடைச்சுப்போச்சு. கயல் இன்னைக்கும் இங்கதான் படிக்குது. ஒரு விதத்துல பார்த்தா அது என்னாலதான் தம்பி. நான் அந்தக் கடிதம் வாங்காம இருந்திருந்தா அவரும் அப்பீல் அப்பீல்னு காத்துக்கிட்டிருந்து அந்தப் பிள்ளையை நடுத்தெருவுல விட்டிருப்பார். இதுக்கு ஒரு நன்றி கிடையாது. வழியில பார்த்தா தலையைத் திருப்பிக்கறார்.

விஷயம் எப்படியோ வெளிய கசிஞ்சுபோச்சு. கோலச் செம்மலுக்குத் தெரிஞ்சா ஊருக்குத் தெரிஞ்ச மாதிரிதான். ஆடிப்பெருக்கு விழாவுக்குப் போனோம். பந்தியில நாங்க உட்கார்ந்த வரிசையில ஒவ்வொருத்தரா "இதோ வர்றேன்"னு எழுந்து வேற வரிசைக்குப் போனாங்க. யோகச் செம்மல் என் பக்கத்துல வந்து நின்னு, "என்ன சார், உண்மையான விருதுக்கு உண்மையான அப்பளம் வேணுமா, எங்க ஊக்க அப்பளமே போதுமா?"ன்னு கேட்டு ஒரு அப்பளத்தை வச்சுட்டுப் போனார். சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். பொறாமைக்காரங்ககிட்ட சிரிச்சுட்டுப் போயிரணும். ஜோதி அன்னைக்கு இலையை மூடிட்டு எழுந்துட்டா. நான் முழுசாச் சாப்பிட்டுத்தான் எழுந்தேன். பாயசம் நல்லா இருந்தது.

ஓவியா அப்பத்தான் முதல்தடவை கேட்டா. "அப்பா, கயல் மாறிட்டாப்பா. நானும் ஸ்டூடன்ட் விசாவுக்கு மாறிக்கறேனே. காலேஜ் ஆபீஸ்ல பேப்பர் தருவாங்க."

நான் என் கிளையன்ட் எல்லாருக்கும் சொல்ற ஒன்னு இருக்கு. அதையே அவளுக்கும் சொன்னேன். "ரெண்டாவது கதவைத் திறந்து வச்சவன் முதல் கதவைப் பலமாத் தட்ட மாட்டான்மா. அப்பீல் நடக்கறப்ப நீ தனியா ஒரு மனு போட்டா, இவங்களுக்கே நம்பிக்கை இல்லைன்னு அவன் நினைப்பான். கொஞ்சம் பொறு."

நான் சொன்னா கேட்டுக்குவா. தங்கமான பிள்ளை. அப்புறம் இலை உதிர்ற காலத்துல ஒருதடவை கேட்டா. அப்பவும் இதையே சொன்னேன். அப்ப மட்டும், "உங்க கிளையன்ட்டுக்கு ஐடியா தப்பாப் போச்சுன்னா உங்க கம்பெனி மேல கேஸ் போடுவாங்க. நான் யார் மேலப்பா போடறது?"ன்னா. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. என்ன புத்திசாலித்தனமான பேச்சு பாருங்க. ஜோதிகிட்ட சொல்லிச் சிரிச்சேன். அவ சிரிக்கல. பாருல் மேடமும் ரெண்டு தடவை கூப்பிட்டு ஞாபகப்படுத்தினாங்க. வக்கீலுங்களுக்கு எதுலயும் நம்பிக்கை கிடையாது. அதுதான் அவங்க தொழிலே.

தீர்ப்பு கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் வந்தது.

நீங்க அந்தத் தீர்ப்பைப் படிக்கணும் தம்பி. மரியாதையாத்தான் எழுதியிருக்கான். மனுதாரர் தன் வேலையில திறமையானவர், வாடிக்கையாளர்கள் அவரால பயன் அடைஞ்சிருக்காங்க, இதை நாங்க மறுக்கலங்கறான். ஆனா அந்தப் பயன் அந்தந்தக் கம்பெனியோட மதில் சுவரைத் தாண்டலையாம். கடிதம் எல்லாம் ஒரே சொற்களை ஒரே வரிசையில சொல்லுதாம், அதனால அதுக்கு எடை குறைவாம். கடைசியில விருது. அண்ணன் கையெழுத்துப் போட்ட உறுதிமொழியை எடுத்து வச்சுக்கிட்டு, அதுக்குப் பக்கத்துல நான் குடுத்த மலரையே வச்சுட்டான். மலர்ல முதல் பக்கத்துல தலைவர் வாழ்த்துரை இருக்கும். "எங்கள் மன்றத்தில் பெரியவர் சிறியவர் என்ற வேறுபாடு இல்லை. இம்மேடையில் நிற்கும் ஒவ்வொருவரும் சமமான சாதனையாளரே. இங்கு ஒருவர் தோளில் விழும் பொன்னாடை எல்லார் தோளிலும் விழுவதாகும்." இந்தத் தலைவர் அன்னைக்கு அப்படிச் சொல்லியிருக்கார், இன்னைக்கு இப்படிச் சொல்றார், மனு போட்டதுக்கு அப்புறம் மாத்திச் சொல்றதை ஏத்துக்க முடியாது, இதனால மத்த ஆதாரங்கள் மேலயும் சந்தேகம் வருதுன்னு முடிச்சுட்டான். அப்பீல் தள்ளுபடி.

அந்த வாழ்த்துரை யார் எழுதினதுன்னு நினைக்கறீங்க? அண்ணனுக்கு மேடையில ரெண்டு வார்த்தை சேர்ந்தாப்ல வராது. நான்தான் எழுதிக் குடுத்தேன். "ஒருவர் தோளில் விழும் பொன்னாடை எல்லார் தோளிலும்." நல்லா வந்திருக்குல்ல? மொழிபெயர்ப்புலயும் அந்த அழகு குறையாம பார்த்துக்கிட்டேன். அண்ணன் இப்படிக் கவுத்துருவார்னு யார் கண்டா. மாத்திப் பேசற ஆளை நம்பினது என் தப்பு.

தீர்ப்பைக் கையில வச்சுக்கிட்டே ஓவியாவோட காலேஜுக்கு ஓடினேன். அந்த ஸ்டூடன்ட் விசாப் பேப்பரை அங்கதானே தருவாங்க. விடுமுறை. ஆபீஸ் கதவுல ஓவியா பிறந்த நாளுக்கு அப்புறம்தான் திறப்போம்னு போட்டிருந்தது. அதாவது அவங்க தேதி போட்டிருந்தாங்க, நான் அதை அப்படித்தான் படிச்சேன். வாசல்ல ஒரு காவலாளி உட்கார்ந்திருந்தார். அவர்கிட்ட கூட விளக்கிச் சொல்லிப் பார்த்தேன். பாவம், அவர் என்ன பண்ணுவார், ரொம்பப் பொறுமையாக் கேட்டுட்டு, "மெரி கிறிஸ்துமஸ் சார்"ன்னார். ஓவியா கார்லயே இருந்தா. இறங்கல. நான் திரும்பி வந்ததும், "போலாமாப்பா"ன்னு கேட்டா. அவ்வளவுதான். ஒரு சுடுசொல் இல்ல. நான் சொல்லலை, தங்கமான பிள்ளைன்னு?

பிறந்த நாளுக்கு முன்னாடியே விமானம் ஏத்திவிட்டேன். தாண்டி இருந்தா பேரு கெட்டுரும், நாளைக்கு எந்த விசாவும் கிடைக்காது. ஜோதியும் கூடப் போனா. ஒரு மாசம் இருந்து பிள்ளையைப் பழக்கிட்டு வர்றேன்னுதான் போனா. ஏர்போர்ட்ல கயல் வந்திருந்தது, அவங்க அப்பாவும் வந்திருந்தார். ரெண்டு பிள்ளைகளும் கட்டிப்பிடிச்சுக்கிட்டு விடவே இல்ல. செண்பகராமன் ஜோதியோட பெட்டியை எடுத்து எடை மேடையில வச்சார். என்கிட்ட ஒரு வார்த்தை பேசல. அந்த நேரத்துல கூட மனுஷனுக்கு எவ்வளவு கர்வம் பாருங்க.

ஒரு மாசம் ஆச்சு, ஜோதி வரல. வரமாட்டேன்னுட்டா. அப்புறம் எங்க கம்பெனியில ஆள் குறைச்சாங்க. ஒரு கன்சல்டன்டைக் கூட்டிட்டு வந்து யார் வேணும் யார் வேண்டாம்னு பார்த்தாங்க. நேத்துப் பொறந்த பையன். என்கிட்ட அரை மணி நேரம் பேசிட்டு என்னைப் பத்தி ஒரு பக்கம் எழுதிட்டான். ஒரு மனுஷனை அரை மணி நேரத்துல எப்படித் தம்பி தெரிஞ்சுக்க முடியும்? வேலை போனா விசாவும் போச்சு. அதான் மேசை விக்கறேன்.

ஆனா இதோட விடறதா இல்ல. இப்ப எங்க ஓட்டைன்னு தெரிஞ்சுபோச்சு. அந்த மனுவை ஊர்ல இருந்துக்கிட்டேகூடப் போடலாம், சட்டத்துல இடம் இருக்கு. விருதுநகர்ல பழைய மாணவர் சங்கம் ஒன்னு இருக்கு, அவங்ககிட்ட பேசியாச்சு, வர்ற ஆண்டு விழாவுல ஒரு விருது தர்றதாச் சொல்லியிருக்காங்க. இந்தத் தடவை ஒரே ஒருத்தருக்குத்தான் குடுக்கணும்னு கண்டிப்பாச் சொல்லிட்டேன்.

முந்தாநாள் காலையில ஜோதிகிட்ட போன்ல இதைச் சொன்னேன். அங்க சாயங்காலம். அவ கேட்டா, "யாருக்காக?"

"என்ன யாருக்காக?"

"ஓவியாவுக்குத்தான் வயசு தாண்டியாச்சே. இனிமே உங்களுக்குக் கிடைச்சாலும் அவளுக்குக் கிடையாது. அப்புறம் யாருக்காகப் போடறீங்க?"

இது ஒரு கேள்வியா தம்பி? ஒரு அரசாங்கம் தாள்ல எழுதி, முத்திரை குத்தி, இந்த ஆள் சாதாரண ஆளுதான்னு சொல்லியிருக்கு. அதை அப்படியே விட்டுட்டு வரச் சொல்றியான்னு கேட்டேன். பிள்ளைக்காக மட்டுமா நான் இவ்வளவும் பண்ணினேன்னு கேட்டேன். சரியான கேள்விதானே?

அவ போனைக் கீழ வச்சுட்டா போல. கட் ஆயிருச்சோன்னு பார்த்தா, இல்ல, அந்தப் பக்கம் சத்தம் வந்துக்கிட்டுதான் இருந்தது. ஓவியா குரல். அவளுக்கு வேலை கிடைச்சிருக்கு, சொன்னேனா? வீட்டுல இருந்தே. இங்க வீடுகளுக்கு ஹீட்டர் விக்கற ஒரு கம்பெனிக்கு அங்க உட்கார்ந்துக்கிட்டு போன்ல பதில் சொல்லணும். ஹீட்டர் நின்னுபோச்சுன்னு இங்க இருந்து யாராவது கூப்பிட்டா அவதான் எடுப்பா. எங்கிருந்து பேசறான்னு ஒருத்தராலயும் கண்டுபிடிக்க முடியாதாம், மேலதிகாரிங்க ரொம்ப மெச்சறாங்களாம். அன்னைக்கு யாரோ இந்த ஊர்ப் பெரியம்மா போல. அவங்களை வீட்டுக்குள்ளயே இருக்கச் சொல்லி, மெதுவா, அன்பாப் பேசிக்கிட்டிருந்தா. "ஆள் வர நேரமாகும், கம்பளியைப் போர்த்திக்குங்க. வெளிய போனா படிக்கட்டுல வழுக்காம இருக்க உப்புப் போட்டுட்டு இறங்குங்க, இன்னைக்கு இங்க பனி ஜாஸ்தி"ன்னு சொன்னா.

இங்கன்னுதான் சொன்னா. நான் போனைக் காதுல வச்சுக்கிட்டே எழுந்து அந்த ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்தேன். பனி கொட்டிக்கிட்டு இருந்தது.